எந்த ஆய்வு, யாருக்காக?

(சிங்கவரத்தில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மருத்துவக் கூட்டம் என்றால் டாக்டர் பேச வேண்டும். இந்த வாத்தியார் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில், மருத்துவம் படிக்காத பொதுமக்கள் பக்கத்து உறுப்பினராகச் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். அங்கே கற்றதைத்தான் சொல்லப் போகிறேன்.

போன மாதம் இரண்டு வீடுகளில் நடந்ததைக் கேளுங்கள். முதல் வீட்டில் ஓர் அம்மா. சர்க்கரை நோய்க்காக ஒரு மருத்துவமனைக்குப் போனவர், நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்போது மாதம் ஒரு தடவை போன் வருகிறது: சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிட்டீர்கள், மனம் எப்படி இருக்கிறது என்று. "சார், நான் எதுக்கு ஒத்துக்கிட்டேன்னே தெரியல. பயமா இருக்கு" என்கிறார். இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர். காசநோய் என்று உறுதியானதும், சுகாதாரப் பணியாளர் வந்து எடை, உயரம் பார்த்து, விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டப் போயிருக்கிறார். இவர் கையை இழுத்துக்கொண்டு, "என்னை வெச்சு ஆராய்ச்சி பண்றியா? போய்யா!" என்று அனுப்பிவிட்டார்.

கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். கையை நீட்ட வேண்டிய இடத்தில் இந்தப் பெரியவர் விரட்டினார். இருவருக்கும் குழப்பம் ஒன்றுதான்.

குழப்பத்தில் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது. 'மாவட்ட ஆட்சியர் மருத்துவமனையில் ஆய்வு' என்று பத்திரிகையில் போடுகிறார்கள். இரத்தம் கொடுக்கும் இடம் ஆய்வகம். வீட்டுக்கு வந்து கணக்கெடுத்தால் கள ஆய்வு. மாதாமாதம் அதிகாரிகள் கூடினால் ஆய்வுக் கூட்டம். புது மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தால் அதுவும் ஆய்வு. என் பள்ளிக்கு ஆண்டுதோறும் கல்வி அதிகாரி வந்ததும் ஆய்வுதான். அன்று மட்டும் கரும்பலகை கறுப்பாக இருக்கும்! ஒரே சொல், நாலு வேலை. இந்த நாலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், எங்கே தயங்காமல் ஒத்துழைப்பது, எங்கே நின்று கேட்பது என்று புரிந்துவிடும்.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். ரமலானில் பள்ளிவாசலுக்கு அரிசி வருகிறது. வந்த அரிசி எவ்வளவு, காய்ச்சியது எவ்வளவு, நாம் முடிவு செய்த அளவுப்படி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கணக்கு நோட்டை வைத்துப் பார்த்தால் அது தணிக்கை. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. நடந்ததை அதோடு ஒப்பிடுகிறோம். வரிசையில் பெண்களும் பிள்ளைகளும் நெடுநேரம் நிற்கிறார்கள். நாளைக்கு இரண்டு அண்டா வைத்துப் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் நாளை மறுநாள் வேறு மாதிரி மாற்றுவோம் என்றால் அது தர மேம்பாடு. மாதம் முடிந்ததும் உட்கார்ந்து, இந்த ஏற்பாடு நிஜமாகவே ஏழை வீடுகளுக்குப் பயன்பட்டதா, அடுத்த ஆண்டும் இதையே செய்யலாமா என்று யோசித்தால் அது மதிப்பீடு.

இப்போது ஒருவர் வருகிறார். "சர்க்கரை நோயாளி கஞ்சியால் நோன்பு திறப்பது நல்லதா, வேறு உணவால் திறப்பது நல்லதா என்று தெரியவில்லை. இந்த வரிசையில் பாதிப் பேருக்குக் கஞ்சி, பாதிப் பேருக்கு வேறு உணவு கொடுத்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறேன்" என்கிறார். அது ஆராய்ச்சி. முதல் மூன்றிலும் வேலை நடப்பது வரிசையில் நிற்பவருக்காக. நாலாவதில் வரிசையில் நிற்பவர் ஒரு கேள்விக்குப் பதில் தேட உதவுகிறார். பதில் உலகத்துக்குப் போகும். அவருக்கு அதில் நன்மை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவருக்கு எது கிடைக்கும் என்பதை அவர் உடல்நிலை தீர்மானிக்கவில்லை, குலுக்கல் தீர்மானிக்கிறது. ஆகவே அவரிடம் தனியாக எடுத்துச் சொல்லி, அவர் மனப்பூர்வமாகச் சம்மதித்தால்தான் சேர்க்க வேண்டும்.

தொழுகையில் நிய்யத் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தம் ஒன்றேதான். எடுப்பதன் நோக்கம்தான் அதைச் சிகிச்சை ஆக்குகிறது, தணிக்கை ஆக்குகிறது, ஆராய்ச்சி ஆக்குகிறது.

ஆராய்ச்சி என்றதும் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நம் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி உலகத்தையே மாற்றியிருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான மையம் ஒன்று தொடங்கப்பட்டது. மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து தொடங்கியது. சேத்துப்பட்டில் இன்றைக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. ஏழைக்கு அங்கே படுக்கை எங்கே கிடைத்தது? வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா, கூட இருப்பவர்களுக்குத் தொற்றிவிடாதா என்பது அன்று யாருக்கும் தெரியாது. எனவே இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி வீட்டில், ஒரு பகுதி சானடோரியத்தில். மருந்து இருவருக்கும் ஒன்றே. 1959-ல் முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம். வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் தெரியவில்லை. இன்றைக்கு நம் பகுதியில் ஒருவர் காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார் என்றால், முகம் தெரியாத அந்தச் சென்னை ஏழைகள் செய்த உதவி அதில் இருக்கிறது.

ஆனால் நம் பெரியவர் விரட்டி அனுப்பியது ஆராய்ச்சியை அல்ல. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கினார்கள். நோய் கண்டுபிடித்த உடனேயே சில எளிய அளவுகளைப் பார்க்க வேண்டும்: உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு வாங்குகிறார், ஆக்சிஜன் அளவு என்ன, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவற்றில் மோசமாக இருப்பவரை வீட்டில் விடாமல் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே நடப்பதால் இந்த ஏற்பாடு. இது சிகிச்சையை மேம்படுத்தும் வேலை. அவர் விரலில் மாட்ட வந்த கருவி அவர் உயிருக்காக வந்தது. இந்தத் திட்டத்தின் கணக்குகளும் பிறகு மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. வரட்டுமே! பெயர் இல்லாத எண்ணிக்கையாகப் போவதால் ஒருவர் சோதனை எலி ஆகிவிடுவதில்லை. அவரை நானே போய்ப் பார்த்தேன். இப்போது சிகிச்சையில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

தணிக்கையையும் இப்படித்தான் நாம் தவறாக எடுத்துக்கொள்கிறோம். பிரசவத்தில் ஒரு தாய் மௌத்தாகிவிட்டால், சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். வலி எத்தனை மணிக்கு வந்தது, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, எந்த மருத்துவமனையிலிருந்து எங்கே அனுப்பினார்கள், இரத்தம் கிடைத்ததா. தமிழ்நாட்டில் 1990-களிலிருந்தே இந்த மகப்பேறு மரணத் தணிக்கை நடக்கிறது. ஆட்சியர் தலைமையில் கூடும் கூட்டத்துக்கு உறவினரையும் அழைத்துப் பேசச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டது. "போனவ போயிட்டா, இன்னும் எதுக்குக் கிண்டறாங்க?" என்று மாமியார் அழுதார். அந்தத் துக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தாமதம் ஆனது என்பது அந்த வீட்டாருக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். அது பதிவாகாவிட்டால், அதே சாலையில் அதே தாமதம் இன்னொரு பெண்ணுக்கும் வரும். இந்த விசாரணையில் மறைக்காமல் பேசுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்கு வேறு பெயர் சூட்டினால் என்ன ஆகும்?

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் (இப்போது அது தெலங்கானா) குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். கம்மத்தில் சுமார் 14 ஆயிரம் பேர், வடோதராவில் சுமார் 10 ஆயிரம் பேர். 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இரண்டு மாநில அரசுகள் சேர்ந்து செய்தது. அதற்கு வைத்த பெயர் 'செயல்விளக்கத் திட்டம்'. தடுப்பூசிக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கிறது, அதை எப்படி மக்களிடம் கொண்டுபோவது என்று பார்க்கிறோம், இது மருந்துப் பரிசோதனை அல்ல என்றார்கள்.

ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் இதைத்தான் திரித்து அனுப்புகிறார்கள்: அந்த இறப்புகளை விசாரித்த குழு, அவை தடுப்பூசியால் வந்தவை என்று சொல்லவில்லை. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, காய்ச்சல் போன்ற காரணங்கள்தான் பதிவாகின. தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது. சிக்கிம் மாநிலம் 2018-லேயே தன் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டது. நம் பெண்களுக்கும் தேவையானது.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு இதைப் பற்றித் தன் 72-வது அறிக்கையைக் கொடுத்தது. ஆந்திராவின் 9,543 சம்மதப் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும். 1,948 படிவங்களில் வெறும் கைநாட்டு. பழங்குடிப் பிள்ளைகள் பலர் விடுதியில் தங்கிப் படித்தார்கள். பெற்றோர் தொலைவில் ஏதோ ஒரு கிராமத்தில். பாதிப்பு வந்தால் உடனே தெரிந்து கவனிக்கச் சரியான ஏற்பாடு இல்லை, காப்பீடும் இல்லை. இது 'செயல்விளக்கம்' என்ற போர்வையில் நடந்த பரிசோதனை என்றே குழு சொன்னது. பெயர் மாறியதால், பரிசோதனைக்கு இருக்க வேண்டிய வேலிகள் எல்லாம் அந்தச் சிறுமிகளைச் சுற்றி இல்லாமல் போயின.

இந்த அறிக்கையைப் பற்றி முதல்முறை படித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் தலைமை ஆசிரியர். அரசுத் துறையினர் ஜீப்பில் வந்து, மேலிடத்து உத்தரவு என்று படிவக் கட்டை மேசையில் வைத்திருந்தால், நான் என்ன செய்திருப்பேன்? முத்திரையை எடுத்துக் குத்தியிருப்பேன். பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பியே குத்தியிருப்பேன். ஒரு வாப்பாவும் உம்மாவும் தங்கள் மகளைப் பற்றி எடுக்க வேண்டிய முடிவை நான் எடுத்துக்கொண்டேன் என்பது எனக்கு உறைத்தே இருக்காது.

எதிர்ப்பக்கத்திலும் தவறு நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெரிய இரத்தக் குழாயில் செருகும் குழாய் வழியாகக் கிருமி பரவி நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவர், கை கழுவுவது, தோலைச் சுத்தம் செய்வது, தேவையற்ற குழாயை எடுத்துவிடுவது என்று ஐந்து எளிய செயல்களை விடாமல் செய்ய வைத்தார். தொற்று வெகுவாகக் குறைந்தது. 2006-ல் முடிவு வெளியானது. 2007-ல் அரசு அலுவலகம் ஒன்று, இது ஆராய்ச்சி, நோயாளிகளிடம் சம்மதம் வாங்கவில்லை என்று ஆட்சேபித்தது. கை கழுவுவதற்கு யாரிடம் சம்மதம் வாங்குவது? எதிர்ப்புக் கிளம்பி, 2008 பிப்ரவரியில் வேலையைத் தொடரலாம் என்று சொன்னார்கள். படித்தவர்களுக்கே கோடு எங்கே என்று தெரியாமல் போகிறது. நாம் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் பெயரை வைத்து முடிவு செய்யாமல் எதைப் பார்ப்பது? நான் குழுவில் இருந்தபோது மனதில் வைத்திருந்த கேள்விகள் இவைதான். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சையில் இல்லாத ஏதாவது எனக்குச் செய்யப் போகிறார்களா, கூடுதல் ஊசி, கூடுதல் இரத்தம், புது மருந்து, கூடுதல் தடவை வருவது? எனக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்கிறாரா, குலுக்கலா? நான் முடியாது என்றால் என் வழக்கமான சிகிச்சை அப்படியே நடக்குமா? மூன்றாவது கேள்விக்கு 'நடக்கும்' என்ற பதில் உடனே வர வேண்டும். தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

ஆராய்ச்சி என்று தெரிந்தால், உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளும், புதிய மருந்துகள் பற்றிய 2019-ம் ஆண்டு விதிகளும் இவற்றைச் சொல்கின்றன. நெறிமுறைக் குழு அனுமதி இருக்க வேண்டும். விவரத் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். உருது மட்டும் படிக்கத் தெரிந்தவர் உருதுவில் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக உட்கார்ந்து முழுசாக வாசிப்பதைக் கேட்ட பிறகே கைநாட்டு. நகல் ஒன்று உங்களிடம் தர வேண்டும். பாதியில் விலகலாம்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆராய்ச்சியால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம். ஏழு வயது தாண்டிய பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

விவரத் தாள் என்றதும் ஒரு ஞாபகம். எங்கள் குழுவுக்கு வந்த ஒரு தமிழ்ப் படிவத்தில் 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்' என்று இருந்தது. நான் தமிழ் படித்தவன்; எனக்கே இடஒதுக்கீடு மாதிரி தோன்றியது. "சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம் என்று எழுதுங்கள்" என்றேன். கொஞ்சம் கௌரவக் குறைவாகப் பார்த்தார்கள். பிறகு எழுதினார்கள்.

நமக்கென்று தனியாகக் கேட்க வேண்டியவையும் உண்டு. ரமலானில் பகலில் மாத்திரை சாப்பிட வேண்டுமா? பெண்களைப் பரிசோதிக்கப் பெண் பணியாளர் இருப்பாரா? மாத்திரையின் மேலுறை எதில் செய்தது? கையெழுத்துக்கு முன் கேட்டால் சங்கடம் இல்லை.

அந்தச் சர்க்கரை நோய் அம்மாவின் கதை என்ன ஆனது? கைப்பையைத் துழாவிப் படிவத்தின் நகலை எடுத்தார். அதில் எல்லாம் இருந்தது. அனுமதி எண், தொலைபேசி எண், விலகும் உரிமை. ஆராய்ச்சிதான், கேள்வி கேட்கும் ஆராய்ச்சி; மருந்து எதுவும் இல்லை. வாசித்துக் காட்டினேன். யோசித்துவிட்டு, "இதுனால நாளைக்கு என் பேத்திக்கு ஏதாவது தெரிய வந்தா நல்லதுதானே சார்" என்று தொடர ஒத்துக்கொண்டார். முதல் நாள் அவர் கொடுத்தது வெறும் கையெழுத்து. சம்மதத்தை இப்போதுதான் கொடுத்தார்.

கடைசியாக நம் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கு. இலவச முகாம் நடத்த வெளியிலிருந்து பலர் வருகிறார்கள். கண் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், நல்ல காரியம். சிலர் கூடவே ஒரு படிவக் கட்டையும் கொண்டுவருகிறார்கள். "தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் மக்கள் கேட்பார்கள்" என்று நம்மிடம் சொல்வார்கள். உண்மைதான், அதனால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முத்தவல்லி அனுமதித்தால் அவர்கள் மண்டபத்துக்குள் வரலாம், அவ்வளவுதான். ஒவ்வொருவர் உடலும் அல்லாஹ் அவரவரிடம் கொடுத்த அமானிதம். அதற்கு ஜமாஅத் கையெழுத்துப் போட முடியாது. கம்மத்தில் போட்டவர்களும் என்னைப் போன்ற நல்ல மனிதர்கள்தான்.

எனவே என் வேண்டுகோள்: இனி முகாமுக்கு இடம் கேட்டு வருபவர்களிடம், எடுக்கும் இரத்தமும் விவரங்களும் எதற்கு என்று எழுத்தில் வாங்குவோம். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதத்தின் நகலையும் தமிழ்ப் படிவத்தையும் ஒரு வாரம் முன்பே வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். முகாம் அன்று சிகிச்சைக்கு ஒரு வரிசை, ஆராய்ச்சிக்கு வேறு மேசை. இரண்டாவதற்குப் போகாதவருக்கும் முதலாவது உண்டு. செயலாளர் இதை அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் இதுபோன்ற படிவம் ஏதாவது வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பேன். மூக்குக் கண்ணாடியும் என்னிடம் இருக்கிறது, சேர்ந்து வாசிப்போம். வஸ்ஸலாம்.